டெகாவின் பாலே பெண்கள்: பாஸ்டல் கேள்வி பதில்

பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா (1834–1917) தீட்டிய பாலே (மேற்கத்திய மேடை நடனம்) படங்களைப் பார்த்துப் பாஸ்டல் பழகுகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: பாலே பாவாடையின் மெல்லிய துணி எனக்கு மட்டும் பஞ்சுப் பொதி போல வருகிறது. விரலால் நன்றாகத் தேய்த்துத்தான் கலக்கிறேன்.

பதில்: தேய்ப்பதை நிறுத்துங்கள். பாஸ்டல் என்பது நிறத்தூளைச் சிறிதளவு பிசினில் பிசைந்து உருட்டிய குச்சி. தூள் தாளின் சொரசொரப்பில் தொற்றி நிற்கும்வரை நிறம் பளிச்சென்று இருக்கும்; அழுத்தித் தேய்த்தால் மங்கிப்போகும். டெகா ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறத்தைக் கோடுகோடாக இழுத்தார். அடியில் உள்ளது இடுக்குகளில் தெரிந்துகொண்டே இருக்கும். மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'நீல நடனப் பெண்கள்' படத்தை உற்றுப் பாருங்கள், பாவாடை ஒற்றை நீலமாக இருக்காது. முதலில் பாவாடை முழுவதற்கும் சாம்பல் கலந்த நீலம் பூசுங்கள். மடிப்பு போகும் திசையிலேயே வெளிர் கோடுகள் போடுங்கள். வெள்ளையை ஒளி விழும் விளிம்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் தரையின் நிறமும் துணியினூடே கொஞ்சம் தெரியட்டும்.

கேள்வி: அத்தனை அடுக்கைத் தாள் தாங்குமா?

பதில்: வழவழப்பான தாள் தாங்காது. அடுக்குகளுக்கு நடுவே, தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேடிவ் திரவத்தைத் தள்ளி நின்று லேசாகத் தெளியுங்கள். கடைசி அடுக்கின்மேல் வேண்டாம், நிறம் இருண்டுவிடும். டெகாவும் இடையிடையே அப்படித்தான் நிலைப்படுத்தினார். பிற்காலத்தில் அவர் டிரேசிங் தாளில் வரைந்து அட்டையில் ஒட்டினார். ஓர் உருவத்தை நகலெடுத்துத் திருப்பிப் போட்டு வேறு படத்தில் சேர்ப்பார். இடம் போதாவிட்டால் தாள் துண்டு ஒட்டிப் படத்தை நீட்டுவார்.

கேள்வி: எந்த நிறுவனத்துக் குச்சி வாங்கலாம்?

பதில்: மென்மையான குச்சி எதுவானாலும் சரி. மலிவான பெரிய பெட்டியைவிட நல்ல குச்சிகள் பத்துப் பன்னிரண்டு போதும்.

கேள்வி: ஒத்திகை நடக்கும்போதே அவர் நேரில் வரைந்தாரா?

பதில்: குறிப்புகள் எடுத்தார், மாடல்களை வரவழைத்தும் வரைந்தார், படத்தை முடித்தது தம் ஓவியக் கூடத்தில். பாரிஸில் லெ பெலெத்தியே தெருவிலிருந்த பழைய ஆப்பரா அரங்கம் 1873இல் எரிந்துபோனது. புதிய கார்னியே அரங்கம் 1875இல் திறந்த பிறகும் பழைய ஒத்திகை அறையையே வரைந்துகொண்டிருந்தார். நினைவும் குறிப்பும்தான் அவருக்கு மூலப்பொருள்.

கேள்வி: பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்து 'நட்சத்திரம்' படத்தில் ஆடுகிற பெண்ணை மட்டும் நகலெடுக்கலாமா?

பதில்: பயிற்சிக்குச் செய்யுங்கள். மேடை விளிம்பு விளக்கு கீழிருந்து அடிப்பதால் முகத்தில் நிழல் விழும் இடம் மாறுகிறது. அதைக் கவனிக்க அருமையான பாடம் அது. ஆனால் திரைக்கட்டுக்குப் பின்னால் தலை மறைய நிற்கும் கறுப்பு உடை ஆணை விட்டால் பாதிப் படம் போயிற்று. ஆப்பரா அரங்கத்துக்குச் சந்தா கட்டிய பணக்காரர்களுக்கு மேடைக்குப் பின்னால் வரும் உரிமை இருந்தது. ஆடிய சிறுமிகளில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அழகை மட்டும் வரைந்தவர் என்று டெகாவைச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

கேள்வி: தொடக்கத்தில் எந்த நிலையை வரைவது?

பதில்: ஓய்வு நிலையை. நாடா கட்டக் குனிந்தவள், கணுக்காலைப் பிடித்து உட்கார்ந்தவள், முதுகைச் சொறிகிறவள். டெகாவின் கண் அதிகம் தங்கியதும் இவர்கள்மேல்தான். நிற்கும் உருவமானால் கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழாகக் கரிக்கோடு ஒன்று இறக்குங்கள். எடை ஒற்றைக் காலில் என்றால் கோடு அந்தப் பாதத்தருகே விழ வேண்டும். விழாவிட்டால் நிறத்தைத் தொடாதீர்கள், முதலில் இடுப்பைத் திருத்துங்கள்.