வேனுக்குள் மீன் ஃபிரிட்ஜ்: மதியம் வண்டி செல்ஃப் எடுக்காமல் போவது ஏன்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘நானும் என் வீட்டுக்காரரும் விடிகாலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, எங்கள் சின்ன வேனில் திருவொற்றியூர், மணலி பக்கம் வீடுகளுக்குக் கொடுக்கிறோம். கேம்பிங் போகிறவர்கள் பயன்படுத்தும் 45 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினோம். மெக்கானிக் வண்டி பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துக் கொடுத்தார். சில நாள் ஃபிரிட்ஜ் தானாகவே பீப் அடித்து நின்றுவிடுகிறது. சில நாள் மதியம் நிறுத்திவிட்டு வந்தால் வண்டி செல்ஃப் எடுப்பதில்லை. இன்னும் பெரிய பேட்டரி போட்டால் சரியாகிவிடுமா சார்?’

பெரிய பேட்டரிக்கு இப்போதே பணம் போடாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. இரண்டுக்கும் காரணம் வேறு.

முதலில் பீப் அடித்து நிற்பது. பேட்டரி முன்பக்கம், ஃபிரிட்ஜ் பின்பக்கம். ஒயர் போக 5 மீட்டர், வர 5 மீட்டர், ஆக 10 மீட்டர். வீட்டு லைட்டுக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்திருந்தால், கம்ப்ரசர் 5 ஆம்ப் இழுக்கும்போது ஒயரிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பேட்டரியில் 12.2 இருக்கும், ஃபிரிட்ஜுக்கு 11.6தான் தெரியும். பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து அது தன்னை அணைத்துக்கொள்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். பாரிமுனை எலெக்ட்ரிக்கல் கடைகளில் வாங்கலாம். வெள்ளீயம் (டின்) பூசிய செம்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கடலோர உப்புக் காற்றில் சாதாரண செம்பு முனை சீக்கிரமே பச்சை பூத்துவிடும். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்ப் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் ஒயர் எங்காவது பாடியில் உரசினால் வண்டியே பற்றிக்கொள்ளும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அடுத்தது செல்ஃப். சின்ன வேன்களில் பெரும்பாலும் 35 ஏஹெச் (ஆம்ப்-மணி, அதாவது 1 ஆம்ப் வீதம் 35 மணி நேரம்) அளவில்தான் பேட்டரி இருக்கும். அதுவும் செல்ஃப் அடிக்கிற சில விநாடிக்கு நிறைய கரண்ட் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏற்றிக்கொள்ளச் செய்யப்பட்டது. உள்ளே தகடுகள் மெல்லியவை. மெதுவாகப் பாதிக்கு மேல் இறக்கி இறக்கி ஏற்றினால் சில மாதத்திலேயே செத்துவிடும். உங்கள் ஃபிரிட்ஜ் ஓடி ஓடி நிற்பதைச் சேர்த்துப் பார்த்தால், கத்திரி வெயிலில் சராசரி 3 ஆம்ப் ஆகும். நாலு மணி நேரம் நிறுத்தினால் 12 ஏஹெச் போய்விடும். முழுசாக இருந்த பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு அது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியில், இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் அந்த இழப்பு முழுசாக ஏறாது. மறுநாள் குறையோடுதான் கிளம்புகிறீர்கள். பெரிய பேட்டரி போட்டாலும் இதே கதை, கொஞ்சம் தள்ளி நடக்கும், அவ்வளவுதான்.

ஆகவே ஃபிரிட்ஜுக்குத் தனி பேட்டரி வையுங்கள். காலை 5 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை 9 மணி நேரம், 3 ஆம்ப் வீதம் 27 ஏஹெச். 50 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி தாராளமாகப் போதும். 100 வாங்கச் சொல்பவர்கள் உங்கள் வேலையைக் கேட்காமல் சொல்கிறார்கள். நீங்கள் தினமும் வீட்டுக்கு வருகிறீர்கள் என்பதால், அதற்கென்று உள்ள லித்தியம் சார்ஜரில் இரவு வீட்டிலேயே ஏற்றிவிடலாம். சார்ஜ் ஏற்றுவதற்காக வண்டி ஒயரிங்கில் கையே வைக்க வேண்டாம். பழவேற்காடு தாண்டி இரண்டு மூன்று நாள் வெளியே தங்குகிறவர்களுக்குத்தான் ஓடும்போதே சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் தேவை. லித்தியத்தை, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் நேராக இணைத்தால் அது அளவில்லாமல் கரண்ட் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வேனில் வைக்கும் யோசனை வரும். வேண்டாம். குலுக்கலில் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய வண்டிக்குள், அதுவும் சாப்பிடும் பொருளுக்குப் பக்கத்தில், அது ஆபத்து. எந்த பேட்டரியானாலும் பெட்டிக்குள் வைத்து பெல்ட் போட்டு இறுக்குங்கள். இதெல்லாம் வாங்கும்வரை, இன்ஜினை அணைத்ததும் ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் பெரிய கவலை. இந்தச் சின்ன ஃபிரிட்ஜ் குளிர்ந்த பொருளைக் குளிராக வைத்திருக்கும். சூடான மீனை வேகமாகக் குளிரவைக்க அதற்குச் சக்தி கிடையாது. 30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை அது பூஜ்யத்துக்குக் கொண்டுவர நாலைந்து மணி நேரமாவது ஆகும், அவ்வளவு நேரமும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். அதற்குள் சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உண்டாகிவிடலாம். அப்புறம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து தடிப்பு வரும். காசிமேட்டிலேயே நொறுக்கிய ஐஸ் கிடைக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். வெறும் கணக்குப்படி 10 கிலோ மீனைக் குளிர்விக்க 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் ஐஸ் போதும். வெயிலையும் மூடி திறப்பதையும் நினைத்து மீனுக்குச் சம எடை போடுங்கள். அந்த ஐஸ் உருகாமல் காப்பது மட்டும் ஃபிரிட்ஜின் வேலையாக இருக்கட்டும். அப்போது கரண்டும் பாதியளவுக்குக் குறையலாம்.

ஃபிரிட்ஜை 0 அல்லது 1 டிகிரியில் வையுங்கள். இன்னும் குளிரட்டும் என்று மைனஸ் 5க்குப் போனால் மீன் மெதுவாக உறைந்து, சதைக்குள் பெரிய பனிப்படிகம் கட்டி, குழம்பில் போட்டதும் உதிர்ந்துவிடும். வஞ்சிரம் துண்டு கேட்பவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். ஃபிரிட்ஜின் காற்றுத் துவாரம் பக்கம் சாக்கு, கூடை எதுவும் அண்டக்கூடாது. வேனை நிழலில் நிறுத்தி ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

கடைசியாக, இப்போதிருக்கும் வண்டி பேட்டரி ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம். முழுசாகச் சார்ஜ் ஏற்றி, எதையும் இணைக்காமல் ஓர் இரவு விட்டு, காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. 12.4க்குக் கீழே இருந்தாலோ, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தாலோ, வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.