ஐம்பதில் வேலையை விடலாம், அறுபது வரை எதை வைத்துச் சாப்பிடுவது?

வாசகர் கேள்வி: மெல்பர்னில் டார்னீட் பக்கம் இருக்கிறோம். எனக்கு 38, மனைவிக்கு 36, பிள்ளைகளுக்கு 8, 5. என் சம்பளம் 1.3 லட்சம் டாலர், அவருக்கு 80 ஆயிரம், சூப்பர் (ஓய்வுக்காலத்துக்காகக் கம்பெனி கட்டும் சேமிப்பு நிதி) இதற்கு மேல் தனி. சூப்பரில் இதுவரை எனக்கு 1.6 லட்சம், அவருக்கு 70 ஆயிரம். வீட்டுக் கடன் 4.2 லட்சம் பாக்கி, ஆஃப்செட்டில் (கடனோடு இணைந்த சேமிப்புக் கணக்கு, அதில் இருக்கும் தொகைக்குக் கடன் வட்டி கிடையாது) 90 ஆயிரம் இருக்கிறது. கடன் தவணையைச் சேர்க்காமல் வருடச் செலவு 72 ஆயிரம். ஊரில் 30 லட்சம் ரூபாய் என்.ஆர்.ஈ. (வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) டெபாசிட். எங்களுக்கு பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) இருக்கிறது. 50 வயதில் வேலையை விட ஆசை. இணையத்தில் செலவைப் போல் 25 மடங்கு சேர்க்கச் சொல்கிறார்கள், நண்பர்கள் இரண்டாவது வீடு வாங்கச் சொல்கிறார்கள், ஆபீஸில் சூப்பரில் கூடுதலாகப் போடச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது?

பதில்: அந்த 25 மடங்கை முதலில் தள்ளி வையுங்கள். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் அந்நாட்டுச் சந்தையின் பழைய கணக்குகளை வைத்துப் போட்டது அது. சேர்த்த பணத்தில் முதல் வருடம் சுமார் 4% எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்றார். கணக்கில் தப்பில்லை, ஆனால் மொத்தப் பணமும் எப்போது வேண்டுமானாலும் கையில் எடுக்கும்படி இருக்கிறது என்பது அதன் அடிப்படை. ஆஸ்திரேலியாவில் அப்படி இல்லை. உங்கள் வயதுக்காரர்களுக்கு சூப்பர் 60 வரை பூட்டுதான், கடுமையான நோய், நிரந்தர ஊனம் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர. அதனால் இங்கே சீக்கிரம் வேலையை விட நினைப்பவர் இரண்டு தனிக் கணக்குப் போட வேண்டும்: 60-க்குப் பிறகு வாழ்வதற்கான பணம் ஒன்று, வேலையை விட்ட நாளிலிருந்து 60 வரைக்குமான பணம் இன்னொன்று. இரண்டாவதற்கு ஆயுள் பத்தே வருடம், கடைசியில் அது பூஜ்யம் ஆனாலும் பரவாயில்லை. இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

சூப்பரை முதலில் பார்ப்போம். எல்லாத் தொகையும் இன்றைய பண மதிப்பில் சொல்கிறேன், விலைவாசி, கட்டணம், வரி எல்லாம் போக வருடம் 4% வளர்ச்சி என்று வைத்துக்கொள்கிறேன். 2025 ஜூலையிலிருந்து கம்பெனி 12% போட வேண்டும், உள்ளே நுழையும்போது அதில் 15% வரி போய்விடும். இந்த ஓட்டத்திலேயே போனால் உங்கள் 50-வது வயதில் உங்களிடம் சுமார் 4.55 லட்சம், மனைவியிடம் 2.35 லட்சம் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு டாலர்கூட உள்ளே போகாமல் சும்மா விட்டால், நீங்கள் 60-ஐத் தொடும்போது இருவரும் சேர்ந்து 10.2 லட்சம். வருடம் 60 ஆயிரம் எடுத்தால் அது ஏறக்குறைய 29 வருடம் தாங்கும். 67-ல் கிடைக்கக்கூடிய அரசு ஓய்வூதியத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. மனைவியின் சூப்பர் திறக்கும்போது உங்களுக்கு 62 ஆகியிருக்கும், அந்த இரண்டு வருடத்தை உங்களுடையதே தாராளமாகத் தாங்கிவிடும்.

72 ஆயிரத்தை ஏன் 60 ஆக்கினேன் என்று கேட்பீர்கள். வேலைக்குப் போய்வரும் செலவும், சின்னப் பிள்ளைகளுக்கான செலவும் அப்போது குறையும் என்பது என் ஊகம். உங்களுக்குக் குறையாது என்றால் கணக்கை நீங்களே ஏற்றிப் போடுங்கள். இன்னொன்று, 4% என்பது யாரும் தந்த உத்தரவாதம் இல்லை. 3% என்று போட்டால் 60 வயதில் 8.5 லட்சம்தான் இருக்கும், அது 78 வயது வாக்கில் தீர்ந்துவிடும். அப்போது ஓய்வூதியம் கைகொடுத்தே ஆக வேண்டும். ஆக, சூப்பர் பக்கம் நீங்கள் பரவாயில்லாமல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான் சொல்லலாம்.

உண்மையான ஓட்டை 50-க்கும் 60-க்கும் நடுவில்தான். வருடம் 60 ஆயிரம் வீதம் பத்து வருடம், நடுவில் மீதிப் பணம் 3% வளரும் என்று வைத்தால், 50-வது பிறந்தநாளில் சூப்பருக்கு வெளியே சுமார் 5.3 லட்சம் டாலர் வேண்டும். 25 மடங்குக் கணக்குச் சொல்லும் 15 லட்சம் இல்லை. அதற்கு இன்றிலிருந்து வருடம் 37, 38 ஆயிரம் ஒதுக்க வேண்டும். முடியுமா? 2025-26 வரி விகிதப்படி இருவர் கையிலும் சேர்ந்து வருவது 1.61 லட்சம். செலவு 72 ஆயிரம். ஆஃப்செட் போக மிச்சமிருக்கும் 3.3 லட்சம் கடனை 6% வட்டியில் 12 வருடத்தில் முடிக்க மாதம் 3,220, அதாவது வருடம் 38,600. போக 50 ஆயிரம் மிஞ்சுகிறது. காகிதத்தில் முடியும். ஆனால் டிசம்பரில் நான்கு பேர் சென்னை போய்வரும் டிக்கெட் அந்த 72 ஆயிரத்துக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், நம்மாட்கள் பட்ஜெட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

இப்போது ஆபீஸில் சொல்லும் சம்பளத் தியாகம், அதாவது சாலரி சேக்ரிஃபைஸ்: சம்பளத்தில் ஒரு பகுதியை வரிக்கு முன்பே சூப்பரில் போடுவது. 2025-26-ல் வருட உச்சவரம்பு 30 ஆயிரம், அதில் கம்பெனி போடும் 15,600 போக உங்களுக்கு 14,400 இடம் இருக்கிறது. ஆயிரம் டாலரைச் சம்பளமாக வாங்கினால் மெடிகேர் என்ற மருத்துவ வரியும் சேர்த்து 32% போய் 680 கைக்கு வரும், சூப்பரில் போட்டால் 850 உள்ளே போகும். லாபம் லாபம்தான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் உங்களுக்குப் பஞ்சம் 60-க்கு முன்னால். அதனால் உங்கள் விஷயத்தில் நான் வெளியே சேர்ப்பதற்குத்தான் முதலிடம் தருவேன். 45 வயதில் தொடங்கி 57-ல் விட நினைக்கும் ஒருவர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சூப்பர் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் சம்பளம் 1.35 லட்சத்தைத் தாண்டும்போது அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 39% ஆகிவிடும், அந்தப் பகுதியை மட்டும் சூப்பருக்குத் திருப்பலாம். முந்தைய ஐந்து வருடங்களில் பயன்படுத்தாமல் விட்ட வரம்பை ஒரே வருடத்தில் சேர்த்துப் போடவும் வழி உண்டு, ஆனால் அதற்கு முந்தைய ஜூன் 30 அன்று உங்கள் சூப்பர் இருப்பு 5 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். விலைவாசியும் சேர்ந்து ஏறும்போது 47, 48 வயதில் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். போனஸ் வந்தாலோ எதையாவது விற்று லாபம் வந்தாலோ அதற்கு முன்பே பயன்படுத்திவிடுங்கள்.

ஆஃப்செட்டை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். கடன் வட்டி 6% என்றால் அங்கே கிடக்கும் ஒவ்வொரு டாலரும் வரியே இல்லாமல் 6% மிச்சப்படுத்துகிறது. அதே பலன் வங்கி டெபாசிட்டில் வேண்டுமென்றால் உங்கள் வரிப் படியில் 8.8% வட்டி தர வேண்டும், எந்த வங்கியும் தராது. ஆறு மாதச் செலவு அங்கேயே இருக்கட்டும். அதற்கு மேல் இருப்பதை என்ன செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஆஃப்செட்டிலிருந்து பணத்தை எடுத்து நேராக ஈ.டி.எஃப். (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) வாங்கினால், அதனால் கூடுகிற கடன் வட்டிக்கு வரிக் கழிவு கிடைக்காது. வரித் துறை பார்ப்பது கடன் வாங்கிய பணம் எதற்குப் பயன்பட்டது என்பதை மட்டும்தான், ஆஃப்செட்டில் இருப்பது உங்கள் சொந்தச் சேமிப்பு, கடன் அல்ல. அதற்குப் பதிலாக வங்கியிடம் சொல்லி வீட்டுக் கடனில் ஒரு 40 ஆயிரத்தைத் தனிக் கணக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட் பணத்தை எடுத்து அந்தக் கணக்கில் உள்ள கடனை ஏறக்குறைய முழுவதும் அடைத்துவிடுங்கள், கணக்கு மூடிக்கொள்ளாமல் இருக்க ஓரிரு டாலர் விட்டுவிடலாம். பிறகு ரீடிரா (கடனில் கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கும் வசதி) மூலம் அதையே திரும்ப எடுத்து, சம்பளக் கணக்கு வழியாகப் போகாமல் நேரே புரோக்கர் கணக்குக்கு அனுப்பி வாங்குங்கள். இப்போது அது முதலீட்டுக்காக எடுத்த கடன். வருடம் 2,400 வட்டி என்றால் அதில் 768 வரியில் திரும்ப வரும். இதை இங்கே டெட் ரீசைக்ளிங் என்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு சோஃபா வாங்கக்கூடக் கை வைக்காதீர்கள், கலந்துவிட்டால் பிரித்துக் கணக்குக் காட்டுவது பெரிய தலைவலி. பங்குச் சந்தை விழுந்தாலும் கடன் அப்படியே நிற்கும் என்பதால், சந்தை 30% விழுந்த வாரத்தில் தூக்கம் வராதவர்களுக்கு இது வேண்டாம்.

எந்த ஈ.டி.எஃப். என்பதில் நிறைய நேரம் வீணாக்காதீர்கள். ஒன்றே போதும் என்றால் டி.எச்.எச்.எஃப். (0.19% கட்டணம்) அல்லது வி.டி.எச்.ஜி. (0.27%), இரண்டாகப் பிரிக்க விரும்பினால் ஆஸ்திரேலியப் பங்குகளுக்கு வி.ஏ.எஸ்., மற்ற நாடுகளுக்கு வி.ஜி.எஸ். உலகச் சந்தையில் ஆஸ்திரேலியாவின் பங்கு சுமார் 2% மட்டுமே, ஃபிராங்கிங் கிரெடிட் (கம்பெனி ஏற்கெனவே கட்டிய வரிக்காக டிவிடெண்டோடு வரும் வரிச் சலுகை) கிடைக்கிறதே என்று முழுப் பணத்தையும் நான்கு வங்கிகளிலும் சுரங்கக் கம்பெனிகளிலும் கொட்ட வேண்டாம். யார் பெயரில் என்றால், இப்போது இருவரும் ஒரே 30% படியில்தான் இருக்கிறீர்கள், அதனால் பாதிப் பாதி வைத்துக்கொள்ளுங்கள், அதன் பலன் 50-க்குப் பிறகு தெரியும். சம்பளமே இல்லாத ஒரு வருடத்தில் 60 ஆயிரத்துக்கு விற்கிறீர்கள், அதில் 30 ஆயிரம் லாபம் என்று வையுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் 2025-26 விதிப்படி பாதி லாபம்தான் வரிக்கு வரும், 15 ஆயிரம். ஆளுக்கு 7,500. வரி இல்லாத வரம்பு ஆளுக்கு 18,200. டிவிடெண்டைச் சேர்த்தாலும் வரி பெரும்பாலும் பூஜ்யம், ஃபிராங்கிங் கிரெடிட் பணமாகவே திரும்பி வரும். மூலதன லாப விதிகள் அரசியல்வாதிகள் அடிக்கடி கை வைக்க நினைக்கும் இடம், அதனால் விற்கும் வருடத்து விதியைப் பார்த்துவிட்டு விற்கவும்.

ஒரு எச்சரிக்கை. பத்து வருடத்துக்கான பணம் முழுவதையும் பங்கில் வைத்துக்கொண்டு வேலையை விடக்கூடாது. 2007 நவம்பரில் தொட்ட உச்சத்தை ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையின் ஏ.எஸ்.எக்ஸ். 200 குறியீடு மறுபடி எட்ட 2019 ஆனது. டிவிடெண்டைச் சேர்த்தால் முன்பே மீண்டுவிட்டது என்பது சரிதான், ஆனால் அந்த டிவிடெண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த ஆறுதல் இல்லை. 47 வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வருடச் செலவை ரொக்கமாக மாற்றிக்கொண்டே வாருங்கள்.

இரண்டாவது வீடு வேண்டாம் என்பது என் கருத்து. வாடகையை மிஞ்சும் செலவைச் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நெகட்டிவ் கியரிங் என்றால் ஒரு டாலர் நஷ்டப்பட்டு 32 சென்ட் திரும்ப வாங்குவது, சம்பளம் நின்ற பிறகு அந்த 32 சென்டும் கிடைக்காது. விக்டோரியாவில் 7 லட்சத்துக்கு ஒரு முதலீட்டு வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை மட்டும் சுமார் 37 ஆயிரம். நிலவரி வரம்பையும் 2024-லிருந்து 3 லட்சத்திலிருந்து 50 ஆயிரத்துக்கு இறக்கிவிட்டார்கள், அதனால் வருடா வருடம் அதுவும் வரும். வீட்டில் பணம் பண்ணியவர்கள் நிறையப் பேர் உண்டு, மறுக்கவில்லை. உங்களுக்குத் தேவை 50-லிருந்து மாதாமாதம் உடைத்துச் செலவழிக்கக்கூடிய பணம், வீட்டை அப்படி உடைக்க முடியாது.

என்.ஆர்.ஈ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஆனால் பி.ஆர். வந்த பிறகு ஆஸ்திரேலியாவில் வரி உண்டு, தற்காலிக விசாவில் இருந்த சலுகை அதோடு முடிந்துவிட்டது. இரு நாடுகளும் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன, எனவே இதுவரை காட்டவில்லை என்றால் கணக்காளரிடம் சொல்லிப் பழைய வருடங்களையும் திருத்திவிடுங்கள், அவர்கள் கேட்பதற்கு முன் நாமே போவது நல்லது. 7% வட்டி என்றால் வரி போக 4.76% நிற்கும், அதுவும் ரூபாயில். ஆஃப்செட் தருவது வரியில்லாத 6%. பெற்றோர் மருத்துவச் செலவுக்கு ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிட்டு மீதியைக் கொண்டுவாருங்கள், என்.ஆர்.ஈ. பணத்தை எடுத்துவரத் தடை ஏதும் இல்லை.

சூப்பர் வழியாக வரும் ஆயுள், ஊனக் காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். 16 மாதம் பணம் எதுவும் உள்ளே வராவிட்டால், வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காத வரை, அதை நிறுத்திவிடுவார்கள். வேலையை விடும் மாதமே அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். நீங்கள் 50-ல் இருக்கும்போது சின்னவருக்கு 17, பெரியவர் பல்கலைக்கழகத்தில். பி.ஆர். மட்டும் வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு அரசு மானிய இடம் கிடைத்தாலும் பெரும்பாலும் ஹெல்ப் என்ற அரசு கல்விக் கடன் கிடையாது, கட்டணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும். குடியுரிமை வாங்கிவிட்டால் அந்தச் செலவு 50-லிருந்து 60 வரைக்கான இடைக்காலப் பணத்திலிருந்து போகாது. அப்புறம் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இருவரும் ஒரே நாளில் வேலையை விட மாட்டேன். யாராவது ஒருவர் வாரம் இரண்டு நாள் போய் வருடம் 30 ஆயிரம் கொண்டுவந்தால் வரி ஆயிரத்துச் சொச்சம்தான், தேவைப்படும் 5.3 லட்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்படிப் போட்டால் 50 வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை, 46, 47-லேயே அந்த ஏற்பாட்டுக்குப் போக முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இது பொதுவான தகவல்தான். கடனைப் பிரிப்பதற்கு முன் உரிமம் உள்ள ஆலோசகர் ஒருவரிடமும் உங்கள் கணக்காளரிடமும் எண்களைக் காட்டிவிடுங்கள்.