கெட்ட செய்தி ஏன் கடைசி நாளில் வருகிறது?
பணியிடம்: வாசகர் கேள்வி – பதில்

எட்டுப் பேர் உள்ள குழுவுக்கு நான் பொறுப்பு. யாரையும் திட்டியதில்லை. இருந்தும், ஒரு வேலை தாமதமாகப் போகிறது என்பது கெடு முடியும் நாளில்தான் என் காதுக்கு வருகிறது. முன்கூட்டியே சொல்ல என்ன தயக்கம்?

நீங்கள் திட்டுகிறீர்களா என்பதை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. கடைசியாக ஒரு சிக்கலைச் சொன்னவருக்கு அதன் பிறகு என்ன நேர்ந்தது என்பதையும் கவனிக்கிறார்கள். "ஏன் இப்படி ஆச்சு?", "முன்னாடியே ஏன் சொல்லலை?" என்ற கேள்விகளை எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும் கேட்பவருக்கு அது விசாரணைதான். சொன்னவர் தலையிலேயே சரிசெய்யும் வேலை முழுவதையும் கட்டிவிடுவதும் தண்டனையாகவே தெரியும். அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.

எனவே முதல் வாக்கியத்தை மாற்றுங்கள். "இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு. இப்போ நிலைமை என்ன? யாருக்கெல்லாம் சொல்லணும்? என்கிட்ட இருந்து என்ன வேணும்?" இவ்வளவு போதும். காரணத்தைச் சிக்கல் தீர்ந்த பிறகு, ஓரிரு நாள் கழித்துப் பேசலாம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் பதிவான தவறுகள்தான் அதிகமாக இருந்தன. அங்கே தவறுகளை வெளிப்படையாகப் பேச முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் குழுவில் மாதக்கணக்கில் ஒரு சிக்கலும் காதுக்கு வரவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள்.

கேள்வி கேட்கும் விதத்தையும் பாருங்கள். "எல்லாம் ஓகேதானே?" என்று கேட்டால் "ஓகே" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எது தள்ளிப்போக வாய்ப்பு இருக்கு?" என்று கேட்டால், ஏதோ ஒன்று இருக்கும் என்பதை நீங்களே ஏற்றுக்கொண்டதாகிறது. பத்து நாள் வேலையாக இருந்தால் மூன்றாம் நாளே ஒரு முறை பாருங்கள். புரிதல் பிசகியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். திருத்தவும் நாள் இருக்கும்.

ஒவ்வொருவருடனும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். எட்டுப் பேருக்குச் சராசரியாக வாரம் இரண்டு மணி நேரம் ஆகும். முதல் பதினைந்து நிமிடம் அவர் கொண்டுவரும் விஷயத்துக்கு. பெரும்பாலும் இரண்டு காரணங்களால் இது கெட்டுப்போகிறது. ஒன்று, பேச்சு மெல்ல வேலை நிலவரம் ஒப்பிப்பதாக மாறிவிடும். நிலவரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, அவசர வேலை வந்ததும் முதலில் ரத்தாவது இந்தச் சந்திப்பாகத்தான் இருக்கும். ரத்து செய்ய நேர்ந்தால் அதே வாரத்தில் வேறு நேரத்தை நீங்களே குறித்துக் கொடுங்கள். போன முறை ஒப்புக்கொண்டதை முடித்தீர்களா என்பதையும் அவர் கவனித்துக்கொண்டிருப்பார்.

என் மேனேஜர் நான் அனுப்பும் ஒவ்வொரு ஈமெயிலையும் பார்த்த பிறகே அனுப்பச் சொல்கிறார். ஆறு வருட அனுபவம் இருந்தும் இப்படி நடத்துவது வேதனையாக இருக்கிறது.

வேதனை நியாயமானது. முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லோரிடமும் இப்படியா, உங்களிடம் மட்டுமா? எல்லோரிடமும் என்றால், தகவல் தெரியாமல் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அவருக்கு இருக்கலாம். அவர் கேட்கும் முன் நீங்களே கொடுங்கள். வாரம் இரு முறை, குறித்த நேரத்தில், நான்கே வரி: முடிந்தது, நடப்பது, தடை, உங்கள் முடிவுக்குக் காத்திருப்பது. மூன்று நான்கு வாரம் விடாமல் செய்தபின் ஒரு சிறு பகுதியை மட்டும் கேளுங்கள்: "சார், வழக்கமான பதில்களை நானே அனுப்பிடறேன். பணம், தேதி, வாக்குறுதி சம்பந்தப்பட்டதை மட்டும் காட்டிட்டு அனுப்பறேன். ஒரு மாசம் பார்க்கலாமா?" எல்லையும் கால அளவும் தெரிந்தால் ஒப்புக்கொள்வது அவருக்குச் சுலபம். "என்னை நம்புங்க" என்று மொத்தமாகக் கேட்டால் தட்டிக்கழித்துவிடுவார்.

உங்களிடம் மட்டும் என்றால் தனியாகக் கேட்டுவிடுங்கள்: "எந்த வேலையில உங்களுக்குத் திருப்தி இல்லாமப் போச்சு?" பதில் கசக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் திருத்திக்கொள்ள முடியாது.

இதெல்லாம் கெடுபிடி மேனேஜருக்குப் பொருந்தும். பலர் முன்னால் அவமானப்படுத்துபவருக்குப் பொருந்தாது. அங்கே அனுசரித்துப் போகச் சொல்ல மாட்டோம். தேதி, சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர் மூன்றையும் அன்றே குறித்துவைத்து மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள்.

தவறைச் சொல்லும்போது மனம் நோகக் கூடாது என்று முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் பாராட்டு என்று சொல்கிறேன். சரியா?

விட்டுவிடுங்கள். நாளடைவில் உங்கள் பாராட்டைக் கேட்டாலே "அடுத்து என்ன குறையோ" என்று பயப்படத் தொடங்குவார்கள். சிலருக்குக் குறையே காதில் ஏறாது.

எப்போது நடந்தது, என்ன நடந்தது, அதனால் என்ன விளைந்தது: இந்த மூன்றையும் சொல்லுங்கள். "திங்கட்கிழமை அனுப்பின அறிக்கையில ரெண்டு அட்டவணையோட கூட்டுத்தொகை பொருந்தலை. கணக்குப் பிரிவு மறுபடி சரிபார்க்க வேண்டியதாப் போச்சு." பிறகு பேச்சை நிறுத்தி அவர் சொல்வதைக் கேளுங்கள். "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்பது அறிக்கையை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கிறது. பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளை க்ளூகர், டெனிசி இருவரும் தொகுத்து 1996இல் வெளியிட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் பின்னூட்டத்துக்குப் பின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகித் தன்னைப் பற்றித் திரும்பும்போது பலன் கெடுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

ஒரு முறைக்கு ஒரு குறை போதும், அதுவும் தனியாக, இரண்டு நாளுக்குள். பாராட்டை வேறொரு நாள், அதே துல்லியத்துடன் சொல்லுங்கள்.

இரவு பத்து மணிக்கு மெசேஜ் அனுப்பினாலும் "காலையில் பார்த்தால் போதும்" என்று சேர்த்தே அனுப்புகிறேன். ஆனாலும் உடனே பதில் வந்துவிடுகிறதே?

அனுப்புவது நீங்கள் என்பதால்தான். அந்த வரி உதவாது. இரவில் தோன்றியதை எழுதி, காலை ஒன்பது மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவிடுங்கள். பெரும்பாலான ஈமெயில் சேவைகளில் அந்த வசதி உண்டு. அவசரம் என்றால் போன் செய்வேன், போன் வராவிட்டால் அவசரமில்லை என்று குழுவில் ஒருமுறை சொல்லி, அதன்படியே நடங்கள்.