ஐப்பசியில் வரும் நீல வரியன்கள்

கேள்வி: ஐப்பசி பிறந்தால் எங்கள் கிணற்றுமேட்டு வேலியெல்லாம் கருப்பும் நீலமுமாகப் பட்டாம்பூச்சிகள் அப்பிக்கொண்டிருக்கும். 2 வருஷமாகப் பத்து, இருபதுதான் வருகின்றன. மழை தப்பிப்போனதுதான் காரணமா? இவை எங்கிருந்து வருகின்றன?
– ஒரு வாசகி, ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: மழையும் ஒரு காரணம்தான். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், அந்த வேலியில் கிலுகிலுப்பைச் செடி இன்னும் இருக்கிறதா?

உங்கள் ஊரைச் சுற்றிக் கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன். நீங்கள் பார்க்கிற பட்டாம்பூச்சிகள் நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும். அந்த மலைகளில் மழை பெய்து கொடிப்பாலை என்ற கொடி தளிர் விட்டால் நீல வரியன் அதில் முட்டையிடும். வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி, ஆல், அத்தி எதுவானாலும் சரி. இப்படிப் பெருகியவை வடகிழக்குப் பருவமழைச் சமயத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் போகும். தென்மேற்கு மழை இறங்குமுன், சித்திரை, வைகாசி வாக்கில் கிழக்கே வரும். மழை தள்ளிப்போனால் தளிரும் தள்ளிப்போகும், பயணமும் தள்ளிப்போகும். முதல் கூட்டத்தைப் பார்த்த நாளை 20 வருஷமாக நோட்டில் குறித்து வருகிறேன். புரட்டாசியிலேயே வந்ததும் உண்டு, கார்த்திகை வரை காக்கவைத்ததும் உண்டு.

ஆனால் வழியில் அவை உங்கள் வேலியில் இறங்குவது கிலுகிலுப்பைக்காக. வெயில் ஏறுமுன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பூவை விட்டுவிட்டு வாடிய இலையிலும் நெற்றிலும் மொய்த்திருக்கும். கால் நகத்தால் இலையைச் சுரண்டும், கசிகிற சாற்றை உறிஞ்சும். காய்ந்த இடமாக இருந்தால் தன் உறிஞ்சுகுழலாலேயே நனைத்து, ஊறியதும் திரும்ப உறிஞ்சும். பெரும்பாலும் ஆண்கள். அந்தச் சாற்றில் இருப்பது, தன்னைத் தின்ன வருகிறவற்றை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆல்கலாய்டு என்ற கசப்பான வேதிப்பொருள். அதிலிருந்துதான் இவை பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. ஆண் கருப்பன் ஒன்றை மெல்லப் பிடித்தால், வயிற்று நுனியில் மஞ்சள் மயிர்க்கற்றை பூ மாதிரி விரியும். வாசனை வருவது அதிலிருந்துதான்.

எங்கள் ஏரிக்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு புரட்டாசியில் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். அந்த ஐப்பசியில் கரையில் நின்று பார்த்தேன். தலைக்கு மேலே வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன, ஒன்றுகூட இறங்கவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. தை மாதம் பக்கத்து ஊர்ப் புறம்போக்கில் நெற்று பொறுக்கி வந்து, ஆடி மழைக்குக் கரையோரம் தூவினேன். அடுத்த வருஷமே வந்து உட்கார்ந்தன.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வேலிக்கு மருந்து அடிக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். தேள்கொடுக்குச் செடியையும் இவை தேடி வரும். அது வாய்க்கால் ஓரம் தானாக முளைக்கும், பிடுங்காமல் விட்டால் போதும். அப்புறம், இரண்டு செடியும் ஆடு மாடுகளுக்கு ஆகாது. அவை மேயாத பக்கமாகப் பார்த்து விதையுங்கள்.