ஆஸ்துமா பம்பு (இன்ஹேலர்) அடித்தும் அம்மாவுக்கு இளைப்பு குறையவில்லை, இன்னும் அடிக்கலாமா?

முதலில் அடிக்கும் விதத்தைப் பாருங்கள். என் அம்மா வாயைத் திறந்து டப்பென்று அடிப்பார், மருந்து புகை மாதிரி உதட்டோரமே வெளியே வந்துவிடும், நுரையீரலுக்கு என்ன போகும்?

சால்புட்டமால் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டால் இறுக மூடி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, தொடர்ந்து இழுத்து, முடிந்தால் 10 நொடி அடக்கச் சொல்லுங்கள். அடுத்த பஃப்புக்கு (அடுத்த முறை அழுத்த) 30 நொடியாவது விட வேண்டும். கை, மூச்சு இரண்டும் ஒத்துவராத வயதானவர்களுக்கு ஸ்பேசர் (பம்பில் மாட்டி, மருந்தைப் பிடித்துவைத்து மெதுவாக இழுக்க உதவும் குழாய்) வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அவ்வளவு வித்தியாசம் தெரியும். கை நடுக்கம், படபடப்பு கொஞ்ச நேரம் வரலாம், தானே அடங்கிவிடும்.

சரி, எத்தனை முறை? வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். சால்புட்டமால் சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைக்காது. அதற்குத் தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, அடித்தும் அடங்கவில்லை என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு பஃப்பாக, 10 வரை கொடுக்கலாம்.