சென்னை ஃபிளாட்டுக்குச் சிப்பிப்பாறை நாய் சரிப்படுமா?

பகலில் பாட்டியும் ஆறு வயதுக் குழந்தையும் மட்டும் இருக்கிற ஃபிளாட்டில் சிப்பிப்பாறை வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது முயலைத் துரத்திப் பிடிக்கிற வேட்டை நாய். தினமும் நன்றாக ஓட வேண்டும். தெருவில் ஒரு பூனையைப் பார்த்தால் போதும், பாட்டி கையிலிருக்கும் கயிற்றை ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு பாய்ந்துவிடும். பக் இன நாய் சின்னதுதான், ஆனால் சப்பை மூக்கோடு சென்னை வெயிலில் மூச்சுத் திணறும். ஹஸ்கி பனிப்பிரதேச நாய், பாவம், யோசிக்கவே வேண்டாம்.

காப்பகத்திலிருந்து இரண்டு மூன்று வயதான, சாதுவான நாட்டு நாயைத் தத்தெடுங்கள். அந்த வயதில் குணம் ஓரளவு தெரிந்துவிடும். பாட்டியையும் குழந்தையையும் கூட்டிப்போய், அது தானாக வந்து மோப்பம் பிடிக்கிறதா, வாலை ஒடுக்கி ஒதுங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம், ரேபிஸ் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மாநகராட்சி உரிமத்துக்கும் அது வேண்டும்.