குறையில்லாமல் செய்ய முடியாவிட்டால் தொடங்கவே கூடாதா?

வாசகி கடிதம்: "எனக்கு வயது 27. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதன்முதலாக ஆசிரியையானவள் நான். உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஒரு ஏயும் இரண்டு பியும்தான் கிடைத்தன. அன்றிலிருந்து, குறையில்லாமல் செய்ய முடியாது என்று தோன்றும் எதையும் நான் தொடங்குவதில்லை. அண்மையில் ஒரு கூட்டத்தில் சிங்களத்தில் பேசியபோது ஒரு சொல் பிழைத்துவிட்டது, இரண்டொருவர் சிரித்தார்கள். அதன்பின் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. தங்கச்சி எவ்வளவு பாராட்டினாலும் மனம் ஏற்க மறுக்கிறது. என்னை நானே மதிப்பதற்கு என்ன செய்ய வேண்டும்?"
(ஓர் ஆசிரியை, நுவரெலியா மாவட்டம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் வாசித்தது அந்தச் சிரிப்பைப் பற்றிய வரியை அன்று. "எங்கள் லயத்தில் முதன்முதலாக" என்ற வரியைத்தான். முதலில் படித்து வெளியேறும் பிள்ளையின் தோளில் நம் மலையகம் ஏற்றிவைக்கும் பாரம் இலேசானதன்று. அம்மா படங்கு கட்டிக்கொண்டு மழையில் மலைக்குப் போன நாட்கள், அப்பா கடன்பட்டுக் கட்டிய ரியூசன் காசு, அயல்வீட்டார் தங்கள் பிள்ளைகளுக்கு அவளைக் காட்டிச் சொன்ன புத்திமதி என எல்லாம் சேர்ந்து, அவள் எழுதும் ஒவ்வொரு விடைத்தாளையும் ஒரு கடனின் தவணையாக மாற்றிவிடுகின்றன. அவள் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னாலும், அது அவளுடைய ஒரு பிழை என்ற அளவில் நில்லாமல், தோட்டத்துப் பிள்ளைகளைக் குறைத்துப் பேசக் காத்திருப்போருக்குச் சான்றாகிவிடுமோ என்ற அச்சம் நெஞ்சில் ஏறிக்கொள்கிறது. தலவாக்கலைக்கு அருகே ஒரு லயத்து அறையிலிருந்து படிக்கப் போனவள் நான் என்பதால், இந்த அச்சத்தை நன்றாக அறிவேன்.

கனடிய உளவியலாளர்களான போல் ஹியூவிட், கோர்டன் ஃபிளெட் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குறையின்மையைத் தேடும் மனப்போக்கை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடமே குறையின்மையைக் கோருவது ஒன்று. பிறரிடம் கோருவது இன்னொன்று. பிறர் தன்னிடம் அதைக் கோருகிறார்கள் என்று நம்பி வாழ்வது மூன்றாவது. உங்களை வாட்டுவது இந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். அதில் அளவுகோல் உங்கள் கையில் இருப்பதில்லை. ஆகவே எத்தனை ஏ வந்தாலும் மனம் நிறையாது.

தங்கச்சியின் பாராட்டு ஏன் ஒட்டவில்லை என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்த உளவியலாளர் அல்பர்ட் பண்டுரா, 1977இல் நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். அவற்றுள் வலுவானது, ஒரு காரியத்தைத் தாமே செய்து முடித்த அனுபவம். பிறர் சொல்லும் ஊக்கச் சொல் அதைவிட வலுக் குறைந்தது. எளிதில் கிட்டிய வெற்றி மட்டுமே உள்ளவர் முதல் தோல்வியிலேயே தளர்ந்துவிடுவார் என்றும், தடைகளோடு மல்லுக்கட்டிச் செய்ததே நிலைக்கும் என்றும் அவர் விளக்கினார். ஆகவே தங்கச்சியின் அன்பில் குறையேதும் இல்லை. ஆனால் உங்கள் மனம் கேட்கும் சான்றை நீங்கள்தான் உங்களுக்குத் தர முடியும்.

என் 41ஆவது வயதில், உடன் கற்பித்த இளையவர்களோடு நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் புறப்பட்டேன். படிகள் ஐயாயிரத்துக்கும் மேல். உயரம் 2,243 மீற்றர். பாதி வழியில் திரும்பிவிட்டேன். கால் வலித்ததால் திரும்பியதாக எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், கைத்தடி ஊன்றிய முதியவர்கள்கூட என்னைக் கடந்து போனதைத் தாங்க முடியாமல்தான் திரும்பினேன். அடுத்த யாத்திரைப் பருவத்தில் என் அக்காவை மட்டும் அழைத்துக்கொண்டு, எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று போய், ஏழு மணி நேரத்தில் உச்சியை அடைந்தேன். அங்கே ஒரு மணி உண்டு. எத்தனையாவது முறையாக ஏறி வந்தோமோ அத்தனை தடவை அதை அடிப்பது வழக்கம். எவ்வளவு நேரத்தில் ஏறினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் ஒரே ஒரு தடவை அடித்தேன். அந்த ஓசை எனக்குள் ஏற்படுத்திய மாற்றத்தை, அதற்கு முன் பெற்ற எந்தச் சான்றிதழும் ஏற்படுத்தவில்லை.

தரத்தைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது தரம்தான். ஆனால் முதல்நாள் கொழுந்து பறிக்கப் போகிறவளின் கூடையில் முற்றிய இலையும் கலந்தே இருக்கும். என் அம்மாவின் கை, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று பறித்துப் பறித்துத்தான் பழகியது.

உங்களுக்கான மலை அந்தச் சிங்களம்தான் என்பது என் எண்ணம். அதை விட்டுவிட்டு வேறு எளிய ஒன்றைத் தேடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று வாக்கியங்கள் பேசுவது என்று மட்டும் முடிவு செய்யுங்கள். முதல் நாளே எழுதி, சிங்களம் தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பேசி முடித்தபின், பிழைத்த சொல்லை ஒரு கொப்பியில் குறித்து, அதன் எதிரே சரியான சொல்லை எழுதுங்கள். அதற்கடுத்த கூட்டத்தில் ஐந்து வாக்கியங்கள் பேசலாம். யாரேனும் சிரித்தால், "சரியான சொல் எது, சொல்லித் தாருங்கள்" என்று அவரிடமே கேளுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். நடுங்கிய குரலிலேயே கேளுங்கள். உங்களை ஒப்பிட வேண்டியது சென்ற மாதத்து உங்களோடு மட்டுமே.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். உறக்கம் கெட்டு, உணவில் நாட்டம் குறைந்து, வாழ்வே வெறுமையாகத் தோன்றும் நாட்கள் தொடர்ந்தால் தயங்காமல் வைத்தியரைப் பாருங்கள்; 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். பேசிய மூன்று வாக்கியங்களையும், அவற்றில் எது பிழைத்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா